காட்டேரி இன்னாசி செத்த மத்தியானம்

தூத்துக்குடி வடக்குக் கடற்கரைத் தெருவில் போய் இன்னாசி மச்சாது வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. காட்டேரி இன்னாசி என்று கேட்க வேண்டும். உடனே நாலு பேர் கூடவே வந்து வாசல் வரைக்கும் கொண்டுவிடுவார்கள். போகிற வழியில், கழுத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கேலியும் சேர்ந்து வரும். இன்னாசியும் அதைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று தைக்கும்.

இத்தனைக்கும் ஆள் எப்படிப்பட்டவர் என்கிறீர்கள்? வீட்டில் கோழி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் காலையிலேயே ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுத் துறைமுகப் பக்கம் நழுவிவிடுவார். குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனைக்கு வந்த பிறகுதான் திரும்புவார். திரும்பி வந்து இரண்டு துண்டு கூடுதலாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், அது வேறு விஷயம். கடலுக்கு அடியில் சுறா வந்து விலாவை உரசிவிட்டுப் போனாலும் அசராமல் சங்கு பொறுக்குகிற மனுசர், கரையில் ஒரு மரவட்டையைக் கண்டால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான் ஊர் ரத்தக்காட்டேரி ஆக்கி வைத்திருந்தது.

சங்கு குளிப்பதுதான் அவர் பிழைப்பு. காலைக் கல்லில் கோத்துக்கொண்டு வள்ளத்திலிருந்து இறங்குவார். அடிமணலில் தவழ்ந்து சங்கைத் தேடி எடுத்து இடுப்பு வலையில் போட்டுக்கொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஆட்டுவார். மேலே நிற்கிறவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். கூலிக்கு வந்தவன் கொட்டாவி விடலாம், கரையைப் பார்த்துக் கனவு காணலாம். சொந்த அக்காள் தாலியைக் கையில் பிடித்திருக்கிறவன் கொட்டாவி விடுவானா?

இன்னாசிக்குக் கயிறு பிடித்தவன் மெட்டில்டாவின் தம்பி சிலுவை. அதிகம் பேசாதவன். கரையில் ஓயாமல் பீடி குடிப்பான். கயிறு கைக்கு வந்துவிட்டால் பீடி காதுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் கயிறு ஆடி அவன் இழுக்காமல் இருந்தது ஒரு தடவை கிடையாது. அத்தானுக்கு எவ்வளவு மூச்சு உண்டு என்பது அத்தானைவிட அவனுக்குத்தான் தெரியும் என்று வள்ளத்தில் சொல்லுவார்கள்.

சரி, காட்டேரி எப்படி வந்தது? அது மெட்டில்டாவின் கைங்கரியம். மகள் கிளாடிஸ் பாவாடை கட்டித் திரிந்த வயசில் விஷக்காய்ச்சல் கண்டு பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தாள். மெட்டில்டா தலைவிரி கோலமாகச் புனிதர் சந்தியாகப்பரின் கெபிக்கு, அந்தச் சின்னக் குகைக்கோயிலுக்கு, ஓடினாள். மற்ற பெண்கள் இப்படிப்பட்ட நேரத்தில் மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள், வெள்ளியில் கை கால் செய்து போடுவதாகச் சொல்வார்கள். மெட்டில்டா புருஷனை நேர்ந்துவிட்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் ஏழு வருஷம் உம்முடைய திருநாள் நாடகத்தில் என் வீட்டுக்காரரைப் பேயாக நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை எழுந்து நடந்தது. இன்னாசியிடம் அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

பேய் வேஷம் என்றால் அந்தத் தெருவில் லேசுப்பட்டது இல்லை. சந்தியாகப்பர் திருநாளுக்கு வருஷா வருஷம் நாடகம் உண்டு. ராஜா வேஷத்துக்கு அடிதடி நடக்கும். பேய் வேஷத்துக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வேஷம் போடுகிறவன் அன்று காலையில் பாவசங்கீர்த்தனம் செய்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி இருந்து, பிறகுதான் மேடையேற வேண்டும். இல்லாவிட்டால் வேஷம் உடம்பைவிட்டு இறங்காது என்று பயம். ராஜாவுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை, பிரியாணி தின்றுவிட்டு வந்து நல்லவனாக நடிக்கலாம். இப்படியாக ஊரிலேயே பாவம் குறைந்த ஆள் காட்டேரி இன்னாசிதான் என்று பங்குச்சாமியாரே ஒரு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாடகத்தை எழுதியவர் உபதேசியார் தஸ்நேவிஸ். கொழும்பில் கொஞ்ச காலம் கடையில் வேலை பார்த்தவர். அங்கே பயாஸ்கோப்பில் ரத்தம் குடிக்கிற வெள்ளைக்காரப் பிரபு ஒருவனைப் பார்த்துப் பயந்து, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, எழுந்ததும் அந்தப் பயத்தை அப்படியே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கதையில் காட்டேரி பழைய லந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கல்லறையில் குடியிருக்கும். ஞானவீரன் என்ற வாலிபன் அதை வேட்டையாட வருவான். முதல் சண்டையில் காட்டேரி ஜெயித்து, ஞானவீரனைத் தோளில் தூக்கி மேடையை மூன்று சுற்றுச் சுற்றி வீசிவிடும். ஞானவீரன் சந்தியாகப்பரை நோக்கி ஒரு நீண்ட பாட்டுப் பாடுவான். தெம்பு வந்து திரும்பவும் சண்டைக்கு அழைப்பான். இரண்டாம் சண்டையில் மந்திரித்த மர முளையைக் காட்டேரியின் நெஞ்சில் இறக்குவான். சுபம்.

முதல் வருஷம் இன்னாசி நடுங்கிக்கொண்டுதான் ஏறினார். கிழிந்த குடைத்துணிகளைச் சேர்த்துக் கிளாடிஸ் தைத்துக் கொடுத்த கறுப்பு அங்கி. சங்கு அறுக்கிறவர் ஒருவர் சங்கிலேயே ராவிக் கொடுத்த இரண்டு கோரைப்பல். ரத்தத்துக்கு ஆத்தூர் வெற்றிலை, அதைப் போலச் சிவக்கிற வெற்றிலை வேறு எங்கே கிடைக்கும்? வாய் நிறைய மென்று அடக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, ஒரு சிரிப்புச் சிரித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவிட்டன. தெருவில் அதுவரைக்கும் இன்னாசியை யாரும் திரும்பிப் பார்த்தது கிடையாது. அன்றைக்கு ஒரு கூட்டமே அவரைப் பார்த்தது. அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்திருக்கிறது என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை, நேர்ச்சை, என்ன செய்ய, என்று பெருமூச்சு விட்டுக்கொள்வார்.

வினை ஆறாவது வருஷம் வந்தது.

அந்த வருஷம் ஞானவீரனாக வந்தவன் பவுல். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்கு. ஒல்லியான பையன், அளவாக வெட்டின மீசை. நாடகத்தில் அவனுக்கு ஒரு ஆசையும் கிடையாது. ஒத்திகை இன்னாசி வீட்டு முற்றத்தில் நடக்கிறது, அங்கே கிளாடிஸ் உட்கார்ந்து அங்கி தைக்கிறாள். அவன் ஆசை அவ்வளவுதான். கிளாடிஸுக்கும் விஷயம் தெரியும். அவன் வருகிற நேரம் பார்த்துத்தான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாடுவாள். திருநாள் முடிந்த கையோடு அம்மாவைப் பெண் கேட்டு அனுப்புவதாகப் பேச்சு. காட்டேரி மகள் என்று இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே வாசலோடு திரும்பிப் போயிருந்த வீடு அது. மெட்டில்டா சந்தியாகப்பருக்குத் தினம் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

நாடகம் நன்றாகத்தான் போனது. முதல் சண்டை முடிந்தது. பாட்டு முடிந்தது. இரண்டாம் சண்டையில் பவுல் முளையை ஓங்கிக் குத்தினான். அந்த முளை முருங்கைக் கட்டையில் செய்தது. இன்னாசியின் நெஞ்சுக்குள்ளே மெட்டில்டா பத்திரத்துக்காக ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டியிருந்தாள். டொக் என்று ஒரு சத்தம். முளை இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு தஸ்நேவிஸின் ஆர்மோனியத்தில் போய் விழுந்தது. பவுல் கையில் மிச்சத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். வசனம் மறந்துபோய்விட்டது. கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. விழும்வே, விழும், என்று தஸ்நேவிஸ் பக்கத்திலிருந்து இன்னாசியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். முளை இறங்காமலே எப்படி விழுவது? பையன் நின்று அவமானப்படுகிறானே என்று இன்னாசிக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பவுலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றினார்.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது பாருங்கள், துறைமுகத்தில் கப்பலில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். மூன்று சுற்றுப் போனார். மூன்றோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. அந்தக் கைதட்டல் காதுக்குள் போய் மனுசரை என்னவோ செய்துவிட்டது. நாலாவதாகவும் ஒரு சுற்றுச் சுற்றினார். முதல் மூன்று சுற்றும் பவுலுக்காக. நாலாவது சுற்று தனக்காக. அந்த நாலாவது சுற்றில்தான் பவுலின் ஒரு பூட்ஸ் கழன்று, முன்னால் நாற்காலியில் இருந்த அவன் அம்மா விக்டோரியாவின் மடியில் போய் விழுந்தது.

விக்டோரியா யார் என்று சொல்ல வேண்டும். விதவை. ஒற்றை ஆளாக ரொட்டிக்கடை நடத்திப் பிள்ளையைப் படிக்கவைத்தவள். அவள் கடை மக்ரூன் வாங்க ஓட்டப்பிடாரத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் ஊருக்குள் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மக்ரூன் இல்லை, ஒப்பாரி. எந்தச் சாவு விழுந்தாலும் முதல் குரல் அவளுடையதுதான். பிணத்தைக் கண்டால் போதும், பகையாளி பிணமாக இருந்தாலும் சரி, அடிவயிற்றிலிருந்து வந்துவிடும். பிணத்துக்கு முன்னால் முறைசொல்லி அழுத சொல்லை மாற்றக்கூடாது என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கிழவி செத்தபோது, உன் வெள்ளாட்டை நான் பார்த்துக்கொள்ளுவேனே என்று ஏதோ ஒரு வேகத்தில் அழுதுவிட்டாள். அந்த ஆடு பொல்லாத ஆடு. கடைக்குள் புகுந்து ரொட்டியைத் தின்னும், வருகிறவர்களை முட்டும். சாகிற வரைக்கும் அதை வைத்துச் சீராட்டினாள். சொன்னது சொன்னதுதான்.

அப்படிப்பட்ட விக்டோரியா அந்தப் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் சொல்லி அனுப்பினாள். ஊர் பார்க்க என் பிள்ளையை மீன்கூடை மாதிரித் தூக்கிச் சுமந்த வீட்டில் பெண் எடுப்பதாக இல்லை.

அதோடு முடிந்ததா? அந்த வருஷம் சங்கும் படவில்லை. சீசன் நேரத்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அடியில் போனால் தன் கை தனக்குத் தெரியவில்லை. ஏன் கலங்கியது? காற்று முன்கூட்டியே திரும்பிவிட்டது என்று சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. சந்தியாகப்பர் திருநாளில் காட்டேரியை ஜெயிக்க விட்டால் கடல் கலங்காமல் என்ன செய்யும் என்றார்கள். வள்ளத்தில் இன்னாசி வந்து ஏறினால் பேச்சு நின்றுவிடும். வீட்டில் கிளாடிஸ் தட்டை ஓசையோடு வைத்துவிட்டுப் போவாள். பல நாள் கழித்து ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"மூணு சுத்தோட நின்னுருக்கலாம்லா அப்பா?"

இன்னாசி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே ரொட்டிக்கடைக்குப் போனார்.

விக்டோரியா நிமிர்ந்து பார்க்காமலே என்ன வேண்டும் என்று கேட்டாள். மன்னிப்பு வேண்டும் என்று சொல்ல வந்தவர், வாய் வராமல் கால் ராத்தல் மக்ரூன் என்றார். பொட்டலம் கட்டி முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு ஒருவழியாகச் சொன்னார், தப்பு என்மேல்தான், பெண்ணை அதற்காகத் தண்டிக்காதீர்கள் என்று. விக்டோரியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஊரு பாக்க எம்மவனத் தூக்கிச் சுத்துனீரு. வார திருநாளுல ஊரு பாக்க அவன் கையால செத்துக் காட்டும். பொறவு பாப்போம்."

அடுத்த திருநாள் வருவதற்குள் யுத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. தூத்துக்குடிக் கரையில் பொழுது சாய்ந்தால் ஒரு வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு. பெட்ரோமாக்ஸ் ஏற்றி நாடகம் போட்டால் விமானத் தாக்குதலுக்குக் காவல் பார்க்கிற ஏ.ஆர்.பி.க்காரர்கள் வந்து விளக்கையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாடகமே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். சங்குகுளி ஆட்கள் விடவில்லை. காட்டேரி தோற்றே ஆக வேண்டும், இன்னொரு சீசன் போனால் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும் என்று சத்தம் போட்டார்கள். அப்படியானால் மத்தியானத்தில் நடக்கட்டும் என்று முடிவாயிற்று.

தஸ்நேவிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். வெயில் பட்டால் காட்டேரி சாம்பலாகிவிடும் என்று அவரே அழகாக ஒரு வசனம் எழுதி வைத்திருந்தார். யோசித்து யோசித்து அதை அடித்துவிட்டு, இந்த ஊர்க் காட்டேரிக்கு வெயில் பழகிவிட்டது என்று மாற்றினார்.

இன்னாசிக்கு அதெல்லாம் கவலை இல்லை. எப்படிச் சாவது என்பதுதான் கவலை. விழுந்த உடனே திரை மூடினால் விக்டோரியா ஒத்துக்கொள்ள மாட்டாள், சும்மா விழுந்து எழுந்தான் என்பாள். வேட்டை முடிந்தது, காட்டேரி போய்ச் சேர்ந்தது என்று ஊரே நம்ப வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கடலடியில் இருப்பதுபோல மூச்சை அடக்கிக் கிடந்துவிடுவது. நெஞ்சு அசையாது, மூக்கு விடைக்காது. திரை என்பது வள்ளத்துப் பாய்தான், அதன் கயிற்றைப் பிடிக்கப் போகிறவனும் சிலுவைதான். முடியாமல் போனால் கால் கட்டைவிரலை ஆட்டுவேன், உடனே பாயை இறக்கிவிடு மாப்ளே, என்று சொல்லி வைத்தார். சிலுவை பீடியைக் காதில் செருகிக்கொண்டு தலையாட்டினான்.

சிரட்டை வேண்டாம் என்றும் அவரே சொல்லிவிட்டார். முளையும் இந்தத் தடவை முருங்கை இல்லை, லேசில் ஒடியாத முள்மரமான உடைமரம். மெட்டில்டா அதன் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். வெற்றிலைச் சாற்றை ஒரு துணிப்பையில் நிறைத்து அங்கிக்குள் கட்டிக்கொண்டதுதான் நெஞ்சுக்குக் காவல்.

திருநாள் அன்று காலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வழக்கமாகச் சொல்லுகிற சில்லறைப் பாவங்களோடு, போன வருஷத்து நாலாவது சுற்றையும் சொன்னார். அது எந்தக் கட்டளையை மீறின பாவம் என்று சாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மத்தியான வெயிலில் காட்டேரியைப் பார்த்திருக்கிறீர்களா? முகத்தில் பூசின கரி வியர்வையில் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. கறுப்பு அங்கிக்குள் மனுசர் வெந்துகொண்டிருந்தார். கோரைப்பல் சிரிக்கும்போதெல்லாம் வெயிலில் பளிச்சென்று அடித்தது. போன வருஷம் வரைக்கும் அலறி ஓடிய பிள்ளைகள் இந்த வருஷம் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, மாமா, தண்ணி வேணுமா என்று கேட்டன. ஆனால் கூட்டம் எந்த வருஷமும் இல்லாத கூட்டம். ஆத்தூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். முன்னால் நாற்காலியில் வெள்ளைச் சேலையில் விக்டோரியா. பக்கத்தில் மெட்டில்டா, அவளுக்குப் பின்னால் கிளாடிஸ்.

முதல் சண்டையில் பவுலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கும்போது தொட்டில் பிள்ளையை இறக்குவதுபோல இறக்கினார். பூட்ஸின் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பவுல் பாட்டை ஒரு மாதிரிப் பாடி முடித்தான். பிறகு, ஏ காட்டேரியே, தோற்ற நான் திரும்ப வந்திருக்கிறேன், உன் கணக்கை முடிக்க வந்திருக்கிறேன் என்று கூவினான். ஒரு வருஷ வெட்கம் அந்தக் குரலில் இருந்தது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள், அங்கி பறந்தது, புழுதி எழுந்தது. பையன் உண்மையாகவே நன்றாகச் சண்டை போட்டான். நல்ல மருமகன்தான் என்று இன்னாசிக்கு நடுவில் ஒரு சந்தோஷம் வந்தது. முளை ஓங்குவதைக் கண்டதும், வள்ளத்து விளிம்பில் நின்று இழுப்பதுபோல அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார். குத்து இறங்கியது.

பை உடைந்தது. உடைமரம் விலாவில் பட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது. சிவப்பாக வழிந்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, மல்லாக்க விழுந்து, அடங்கினார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. தஸ்நேவிஸ் மங்களம் பாடினார். எழுந்துவிடுவான் பார், போன வருஷத்து ஆள்தானே, என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். இன்னாசி எழவில்லை. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்து ஊர்ந்து போனது. அசையவில்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்னாசிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. போதும் என்று நினைத்துக் கட்டைவிரலை ஆட்டினார்.

பாய் இறங்கவில்லை.

பவுல் குனிந்து பார்த்தான். மாமா, என்று மெதுவாகக் கூப்பிட்டான். மாமா, எந்திரிங்க, என்றான். சிவப்பைப் பார்த்தான், கையில் இருந்த முளையைப் பார்த்தான். அவன் பயந்துபோய்விட்டான் என்று இன்னாசிக்குத் தெரிந்தது, ஆனால் பதில் சொன்னால் மூச்சுப் போய்விடுமே. பவுல் முளையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, "யம்மா, நான் கொன்னுட்டேன்" என்று பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான்.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. விக்டோரியா மேடையேறிவிட்டாள். மூச்சு இருக்கிறதா பாருங்கள் என்று யாரோ சொல்ல, பக்கத்தில் கயிற்றோடு நின்ற சிலுவை ஒரு கையை நீட்டி மூக்கில் வைத்துப் பார்த்து, இல்லை என்றான். அது பொய் இல்லை. மெட்டில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேடையைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அழக்கூடத் தெம்பில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

விக்டோரியா தலைமாட்டில் உட்கார்ந்து குரலெடுத்தாள்.

"ஆழக் கடலெல்லாம் அளந்து வந்த அண்ணாவே, வேசம் போட வந்த எடம் வேகாத வெயிலாச்சே!"

அண்ணா. ஊரில் செத்த அத்தனை பேரையும் அவள் அண்ணா என்றுதான் அழுதிருக்கிறாள், அது எதற்கும் உதவாது. இன்னாசிக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. கண்ணுக்குள் பச்சையாக என்னவோ மிதந்தது. இவ்வளவு நேரம் எந்தக் கடலிலும் அவர் இருந்ததில்லை. கட்டைவிரலை இரண்டாவது தடவை ஆட்டினார், பாதம் முழுதும் ஆடுகிற மாதிரி ஆட்டினார். பாய் அசையவில்லை. இத்தனை வருஷம் தப்பாத சிலுவை இன்றைக்குத் தூங்கிவிட்டானே என்று நினைத்தார். நிஜமாகவே செத்துவிடுவோம்போல இருக்கிறதே என்றும் நினைத்தார். வாயைத் திறந்துவிட்டால் கிளாடிஸ் தட்டை எப்படி வைப்பாள் என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வாய் கொழுத்துப் பேசுனேனே, செத்துக் காட்டும்னு நானே சொன்னேனே. சம்பந்தின்னு உம்ம வாசலுக்கு வர வேண்டியவ, எழவு சொல்ல வந்து ஒக்காந்திருக்கேனே. உம்ம மவள நான் எடுத்துக்கிடுதேன் சம்பந்தி, எம்மவனுக்கே எடுத்துக்கிடுதேன். கேட்டுட்டுப் போவ நீரு இல்லியே சம்பந்தி!"

சடசடவென்று பாய் இறங்கியது. கூட்டத்துக்கு மேடை மறைந்தது. மறைந்த அதே நொடியில், உள்ளேயிருந்து துருத்தி வெடித்த மாதிரி ஒரு மூச்சுச் சத்தமும், அதைத் தொடர்ந்து காட்டேரி, காட்டேரி என்று விக்டோரியாவின் அலறலும் கேட்டன. காற்றில் பாய் விலகியபோது எல்லாரும் பார்த்தார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல வாயில் அடக்கி வைத்திருந்த ஆத்தூர் வெற்றிலைச் சாறு முழுவதும் விக்டோரியாவின் வெள்ளைச் சேலையில் தெறித்திருந்தது.

சங்குகுளி ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்த வருஷமும் காட்டேரி எழுந்துவிட்டதே, கடல் என்னவாகும்? பங்குச்சாமியார்தான் எழுந்து, செத்தது காட்டேரி, எழுந்தது நம் இன்னாசி, போய்ச் சங்குக்கு வள்ளத்தைப் பாருங்கள் என்று அதட்டினார். அதற்குப் பிறகு எல்லாருடைய கண்ணும் விக்டோரியா பக்கம் திரும்பியது. அந்த ஆட்டை மறந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

விக்டோரியா சேலையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் இன்னாசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக இருந்தான். முன்னால் கிளாடிஸ் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விக்டோரியா இன்னாசியிடம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அழுதது அழுததுதான். கல்யாணத்துக்கு இந்தப் பல்ல மாட்டிட்டு வந்துராதயும் சம்பந்தி."

அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இன்னாசி கரியைத் தேய்த்துக் கழுவினார். விலாவில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. ஆயுசில் சிலுவையோடு சண்டை போட்டதில்லை, அன்றைக்குப் போட்டார். விரலை இரண்டு தடவை ஆட்டினேனே, எங்கே பார்த்துக்கொண்டு நின்றாய், கடலில் இப்படிச் செய்திருந்தால் என் கதி என்ன என்று கேட்டார். சிலுவை காதிலிருந்த பீடியை எடுத்து நிதானமாகப் பற்றவைத்தான்.

"ரெண்டு தடவையும் பாத்தேன் அத்தான். பாய எறக்கவான்னு அக்காவத்தான் பாத்தேன். வேண்டாம் வேண்டாம்னு அக்காதான் தலையாட்டுனா."

இன்னாசி திரும்பினார். மெட்டில்டா அடுக்களை வாசலில் உட்கார்ந்து கோழிக்குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"சங்கு கையில வாரதுக்கு முன்னால கயித்த ஆட்டுனா எவன் இழுப்பான்?" என்றாள்.